அச்சு அசல் சிலை

கரக், கரக்கென்று கொத்துக்கரண்டி உரசும் சத்தம் கேட்டது. நகராட்சித் தலைவர் தெய்வசிகாமணி மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். பொதுக் கழிப்பறைச் சுவரைப் பூசிக்கொண்டிருந்தார் கொத்தனார் மாடக்கண்ணு.

"ஏலே, ஊர்ப் பெரிய மனுசங்க சிலை வரிசையில எங்க தாத்தாவும் நிக்கணும். படம் கிடையாது. ஆனா அச்சு அசலா இருக்கணும். இல்லேன்னா உனக்கு இனி நகராட்சி வேலையே கிடையாது."

"ஆகட்டும் அய்யா. எங்க தாத்தா உங்க வயல்லதானே பண்ணையாளா கெடந்தாரு, அடையாளம் சொல்லியிருக்காரு."

திறப்பு விழாவில் துணி விலகியது. பீடத்தின் மேல் செருப்புப் போட்ட இரண்டு பாதங்கள் மட்டுமே இருந்தன.

"முகம் எங்கலே?"

"நிமிந்து பாக்க விட்டாத்தானே அய்யா? எங்க தாத்தா கண்டது இம்புட்டுத்தான்."

"இதை எவன்லே எங்க தாத்தான்னு சொல்லுவான்?"

தலைவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். கிழவர்களின் தோள்துண்டுகள், அவர்கள் அறியாமலே, இடுப்புக்கு இறங்கியிருந்தன. மாடக்கண்ணுவின் துண்டும்தான்.

மாடக்கண்ணுவின் வேலை பறிபோகாமல் தப்பியது. அவர் கழிப்பறைக்குத் திரும்பி, மிச்சச் சுவரைப் பூசத் தொடங்கினார்.