நானா, ஜெனிட்டாவா?

“அக்கா, நானா ஜெனிட்டாவா? ஒரே ஒரு வார்த்தை சொல்லிருங்க.”

மூன்று வருஷமாகத் தொண்டையில் நின்ற கேள்வி. இசக்கி கேட்டேவிட்டாள்.

தங்கபுஷ்பம் அக்கா மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். இசக்கியும் ஜெனிட்டாவும் சேர்ந்து ஆடும் பெண்கள் கபடி அணிக்கு அவள்தான் கோச். வாயைத் திறக்க மாட்டாள், விசிலிலேயே திட்டுவாள்.

“யாரு கேக்கச் சொன்னா?”

“ஊரே கேக்குது. அவளுக்குக் கால் நீளம், எனக்குக் கை வேகம்னு டீக்கடையில தினம் சண்டை நடக்கு.”

“அவங்க கிடக்காங்க. உனக்கு எதுக்குட்டி?”

இசக்கிக்கு அழுகை முட்டியது.

மாநில அணிக்கு இங்கிருந்து ஒருத்திதான். நாளை ஆட்டம் முடிந்ததும் அந்தப் பெயரை அக்காதான் சொல்லப்போகிறாள். அதுகூடப் பெரிசில்லை. ‘நீதாம்ட்டி’ என்று அக்கா வாயால் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். அந்த ஏக்கத்தில் பாவி மகளுக்குச் சோறுகூட இறங்கவில்லை.

“நாளைக்கு ஆட்டத்துல சொல்லுதேன். போ.”

மறுநாள் இறுதிப் போட்டி.

ஜெனிட்டா பாடிக்கொண்டு போய் இரண்டு பேரைத் தொட்டு வந்தாள். கூட்டம் கைதட்டித் தீர்த்தது.

எதிரணி ஒரு தடவை பாடிவிட்டுப் போனதும், இவர்கள் பக்கத்தில் அடுத்துப் பாடிப் போனது இசக்கி. அவளும் இரண்டு பேரைத் தொட்டாள். பேசாமல் திரும்பியிருக்கலாம். ஜெனிட்டாவை மிஞ்ச வேண்டுமே! மூன்றாவது ஆளுக்கு ஆசைப்பட்டாள்.

அமுக்கிவிட்டார்கள். தொட்ட இரண்டும் போச்சு, அவளும் அவுட்.

கோட்டுக்கு வெளியே வந்து உட்கார்ந்தாள்.

கபடியில் இது ஒரு கொடுமை. உள்ளே இருப்பவள் எதிராளியைத் தொட்டோ பிடித்தோ அவுட்டாக்கினால்தான் வெளியே இருப்பவளுக்கு மறுபடி இடம். அதுவரை பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

இரண்டு நிமிஷம் பாக்கி. ஒரு புள்ளி பின்னால் இருந்தார்கள். உள்ளே போக மாட்டோமா என்று இசக்கியின் கால் துடித்தது.

பாடப் போனது ஜெனிட்டா.

‘பிடிபடட்டும்’ என்றது மனசு.

சொன்ன வேகத்தில் அதுவே பதறியது. அவள் பிடிபட்டால் இசக்கி இங்கேயேதான்.

அந்த நேரம் பார்த்து அக்கா வந்து பக்கத்தில் குந்தினாள்.

“நேத்து கேட்டியே. சொல்லட்டா?”

இசக்கியின் கண் ஜெனிட்டாவின் காலிலேயே இருந்தது.

“ஏட்டி, உன்னத்தான். நீயா அவளான்னு சொல்லட்டா?”

“சும்மா இருங்கக்கா!”

அக்காவின் பக்கம் திரும்பவே இல்லை இசக்கி. முட்டி போட்டு எழுந்து, தொண்டை கிழியக் கத்தினாள்:

“ஜெனி! வலது ஓரத்துக்காரி அசந்து நிக்கா! தொடுட்டி! தொட்டு என்னைய உள்ள கூப்பிடுட்டி!”