பலகை மேல் ஒரு வழக்கு

ஒரு முட்டைக்கோசுக்காக ஒரு மனிதனைக் கொன்றுவிட்டார்கள். அடுத்தவன் ஒரு மடி அத்திப்பழத்துக்காக உச்சிவேளையில் சாக இருந்தான்.

கிரேக்கக் கடற்கரையில் பெலாரா என்றொரு ஊர். முன்பு அங்கே சட்டம் பெரிய மனிதர்களின் வாயில் இருந்தது. ஆளுக்கொரு தீர்ப்பு. எழுதி வையுங்கள் என்று ஜனங்கள் கத்தினார்கள். மரப்பலகையில் எழுதிச் சந்தையில் நட்டார்கள். எதைத் திருடினாலும் மரணம். செதுக்கியவன் மிர்தோன்.

அன்று காலை அவன் ஆசான் தெரோன் வீட்டுக்கு ஓடினான். உட்காரவில்லை. கதவுக்கும் அடுப்புக்குமாக நடந்தான்.

"நில்லுடா. எனக்குத் தலை சுற்றுகிறது."

"கோசுக்கும் மரணம், கொலைக்கும் மரணம். இது நியாயமா, ஐயா?"

"செதுக்கும்போது கேட்டாயா?"

"எழுத்து நேராக வருகிறதா என்றுதான் பார்த்தேன்."

தெரோன் உரித்துக்கொண்டிருந்த பயற்றைத் தள்ளிவைத்தார். "கோலை எடு."

சந்தையில் கூட்டம். பலகை ஆளுயரம். ஒரு வரி இடமிருந்து போகும், அடுத்த வரி வலமிருந்து திரும்பும், ஏர் உழுகிற மாதிரி. அதனடியில் அத்திப்பழம் திருடிய வண்டிக்காரன் அக்னோன், கை கட்டப்பட்டு.

தெரோன் கோலால் பலகையைத் தட்டினார். "இது ஒரு ஆளைக் கொன்றிருக்கிறது. விசாரியுங்கள்."

"கிழவருக்கு வெயில் ஏறிவிட்டது!" என்றான் ஒருவன். சிரித்தார்கள்.

நீதிபதி சிரிக்கவில்லை. "மரத்தை விசாரிப்பதா?"

"போன மழையில் கூரை ஓடு விழுந்து ஒருவன் செத்தான். அந்த ஓட்டை விசாரித்துக் கடலில் போட்டீரே."

"அது சட்டம். ஆளைக் கொன்ற பொருள் ஊருக்குள் இருக்கக் கூடாது."

"அதைத்தான் நானும் சொல்கிறேன்."

நீதிபதி பலகையை ஒருமுறை பார்த்தார். "செத்தவனுக்கு நீர் என்ன உறவு?"

"ஒன்றுமில்லை."

"உறவு உள்ளவர்தான் வழக்குப் போடலாம். எழுத்து எழுத்துதான். உட்காரும்."

தெரோன் உட்கார்ந்துவிட்டார்.

பலகையின் நிழல் சுருங்கிக்கொண்டே வந்தது. மிர்தோன் தெரோனின் தோளை உலுக்கினான். "ஏதாவது பேசுங்கள், ஐயா!"

"என் பேச்சு முடிந்தது."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல். "நான் உறவு."

மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒரு பெண் முன்னால் வந்தாள். கோசுக்காகச் செத்தவனின் மனைவி தெயானோ.

"இந்தப் பலகை என் புருஷனைத் தின்றது. வழக்குப் போடுகிறேன்."

"பெண்பிள்ளைக்கு வழக்கு ஏது? வீட்டுக்குப் போ, அம்மா," என்றார் நீதிபதி.

"அப்படி எழுதியிருக்கிறதா? எனக்குப் படிக்கத் தெரியாது. படித்துக் காட்டுங்கள்."

நீதிபதி வாயைத் திறக்குமுன் மிர்தோன் கத்திவிட்டான். "'உறவு' என்றுதான் செதுக்கினேன்! ஆண் என்று செதுக்கவில்லை. எழுத்து எழுத்துதானே, ஐயா?"

நீதிபதி எழுந்து வந்து படித்தார். இடமிருந்து போனார், வலமிருந்து திரும்பினார். அடிவரி வரைக்கும் போயும் ஒன்றும் அகப்படவில்லை.

பலகைதான் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. உச்சிவேளையில் அதைக் கடலுக்கு இழுத்துப்போனார்கள். கட்டு அவிழ்க்கப்பட்ட அக்னோனும் ஒரு கை கொடுத்தான்.

சாயங்காலம் மிர்தோன் மறுபடி வந்தான். தோளில் புதுப்பலகை. அப்போதும் உட்காரவில்லை.

"புதுச் சட்டம் எழுதப்போகிறார்கள், ஐயா. பழையதை அகற்றியவர் பெயரை முதல் வரியில் போடச் சொன்னார்கள். உங்கள் பெயரை..."

"நான்தான் உட்கார்ந்துவிட்டேனே. கண் தெரியவில்லையா?"

"அப்படியானால் யார் பெயரைச் செதுக்க?"

தெரோன் பயற்றைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"இந்தத் தடவையாவது எழுத்தை மட்டும் பார்க்காதே. தெயானோ என்று செதுக்கு."