‘போதோ’ என்று கேட்ட சருகுமான்

ஒரு காட்டில் கோடை முற்றி, ஓடைகளெல்லாம் வெறும் மணலாகி, ஒரே ஒரு சுனை மட்டும் மிஞ்சியிருந்தது. அந்தச் சுனைக்கு மேலே இருந்த பாறையில் ஒரு பூமா படுத்திருந்தாள்.

பூமாவை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், குழந்தைகளே. சிறுத்தை மாதிரி உடம்பு. ஆனால் ஒரு புள்ளிகூட இருக்காது. காய்ந்த புல்லின் நிறம். கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு மலைநாட்டில் பிறந்தவள் அவள். அங்கே பேசுவது ஸ்பானிஷ். சர்க்கஸ் லாரி ஒன்று மலைப்பாதை வளைவில் கவிழ்ந்தபோது கூண்டு உடைந்தது. காலில் அறுந்த சங்கிலியோடு அவள் இந்தக் காட்டுக்குள் ஓடி வந்துவிட்டாள். சங்கிலி உரசிய புண்ணுக்குச் சுனையின் ஈரம் இதமாக இருந்தது. அங்கேயே தங்கிவிட்டாள்.

அவளைப் பிடிக்க இரண்டு முறை ஆட்கள் வந்தார்கள். இரண்டு முறையும் செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சுக்கூட விடாமல், வலையோடு வந்தார்கள். அன்றிலிருந்து சுனைக்கரையில் சருகு அசைந்தால் போதும், அவள் தலையைத் தூக்கி, “கியென்?” என்று கேட்பாள். யார் என்று அர்த்தம். பதில் வராவிட்டால் மறுபடி, “கியென்?” மூன்றாவது முறைக்கும் பதில் இல்லையென்றால் பாய்ந்துவிடுவாள்.

காட்டுப்பன்றி உருட்டன்தான் முதலில் மாட்டிக்கொண்டவன். மூன்று முறை அவள் கேட்டதும் அவன் காதில் விழுந்தது. என்ன கேட்கிறாள் என்றுதான் விளங்கவில்லை. தண்ணீரில் மூக்கை வைப்பதற்குள் வலது காதில் பாதி போய்விட்டது, தப்பி ஓடியதில் காலும் பிசகியது.

அந்தக் காட்டில் சிற்றடி என்றொரு சருகுமான் இருந்தாள். முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். பயம் அவளுக்குக் கூடப்பிறந்தது. காய்ந்த இலை விழுந்தாலே இரண்டு எட்டு பின்வாங்குவாள். ஆனால் விழுந்து கிடந்த ஒரு மரத்தின் பொந்துக்குள், பிறந்து ஒன்பது நாளான குட்டி ஒன்றை அவள் ஒளித்து வைத்திருந்தாள். தண்ணீர் இல்லாமல் அவளுக்குப் பால் வற்றிக்கொண்டே வந்தது. கால் வலுத்த விலங்குகள் எல்லாம் மலையிறங்கி, தார்ச்சாலையைத் தாண்டி, ஆற்றைத் தேடிப் போய்விட்டன. நடை பழகாத குட்டியோடு அவளால் எங்கே போக முடியும்? பாதிக் காதோடு நொண்டிக்கொண்டிருந்த உருட்டனும் போகவில்லை.

மலைமைனா பொன்மூக்கரும் போகவில்லை. அவருக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. அத்திமரத்தில் அவருக்கு மட்டும் எட்டும் உச்சிக்கிளைகளில் சாறுள்ள பழங்கள் இன்னும் இருந்தன.

பொன்மூக்கர் வெளியூர் போய் வந்தவர். இரண்டு வருடம் அதே சர்க்கஸில் கூண்டுப்பறவையாக இருந்து, கதவு திறந்திருந்த ஒரு நாளில் தப்பி வந்திருந்தார். பக்கத்துக் கூண்டில் இருந்த பெரிய கிளியிடம் ஸ்பானிஷ் கற்றதாக, கேட்பவரிடமும் கேட்காதவரிடமும் சொல்வார். பூமா தனக்குத் தானே முணுமுணுப்பதைக் கேட்டுவந்து விஷயத்தைச் சொன்னதும் அவர்தான். பதில் பேசாமல் வருகிறவர்கள் வலையோடு வருகிறவர்கள் என்று அவள் நினைக்கிறாளாம். யாராவது அவள் மொழியில் குடிக்கலாமா என்று கேட்டுவிட்டால் போதுமாம்.

“அப்போ நீங்களே கேட்டுடலாமே, வாத்தியாரே?” என்றான் உருட்டன்.

“பாடம் நடத்துகிறவன் பரீட்சை எழுதுவதில்லை” என்றார் பொன்மூக்கர்.

அப்படித்தான் அத்திமரத்தடியில் பள்ளிக்கூடம் தொடங்கியது.

முடியும் என்பதற்கும், செய்யலாமா என்று கேட்பதற்கும் அவர்கள் வைத்திருப்பது ‘போதேர்’ என்ற ஒரே வினைச்சொல் என்று பொன்மூக்கர் விளக்கினார். நான், நீ, அவன், அவர்கள் என்று வரும்போது அதன் முகம் ‘புவே’ என்று மாறும். நாம், நீங்கள் என்று வரும்போது மட்டும் பழையபடி ‘போ’ ஆகிவிடும். பிறகு வாலை ஆட்டி ஆட்டி வாய்ப்பாடு போலச் சொன்னார்: “புவேதோ, புவேதெஸ், புவேதே. போதேமோஸ், போதேய்ஸ், புவேதென்.” நான் குடிக்கலாமா என்பதற்கு, “புவேதோ பெபேர்.”

“ஒரே சொல்லு, ஆளுக்கு ஆள் முகத்தை மாத்துமா?” என்றான் உருட்டன். “எங்க இனத்துல அப்படி ஒருத்தன் இருந்தா பந்தியில சேர்க்க மாட்டோம்.”

ஆறையும் பிழையில்லாமல் சொல்லும்வரை யாரும் சுனைப்பக்கம் போகக் கூடாது என்பது பொன்மூக்கர் போட்ட சட்டம். சிற்றடிக்கு இரண்டாவதிலிருந்து எல்லாம் வந்தது. முதல் சொல்தான் வரவில்லை. நாமுக்குப் ‘போ’ என்றால் நானுக்கும் ‘போ’தானே என்று அவள் நாக்கு தானாக முடிவு செய்துகொண்டிருந்தது.

“போதோ” என்பாள்.

“தப்பு. முதலிலிருந்து” என்பார் அவர்.

மறுநாளும் போதோ. மறுநாளும் முதலிலிருந்து. மூன்றாம் நாள் அவளுடைய நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் சொன்னார்: “அரைகுறையாகப் போய் நின்றால் அவளுக்குக் கோபம் வரும். அவளுடைய மொழியை அவள் எதிரிலேயே கொல்வதா?”

உருட்டன் பெருமூச்சு விட்டான். “இவர் பரீட்சை வைக்கிறதுக்குள்ள நாம செத்துடுவோம், தங்கச்சி. மார்க்கை நம்ம எலும்பு மேலதான் போடணும்.”

நான்காம் நாள் காலை குட்டி மடியை முட்டியது. ஒன்றும் வரவில்லை. இன்னொரு முறை முட்டிவிட்டு, தலையைத் தரையில் வைத்துக்கொண்டது. சிற்றடி அதை நக்கினாள். அது கண்ணைத் திறக்கவில்லை. வயிறு மட்டும் லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் நேராக அத்திமரத்தடிக்கு வந்தாள்.

“ஐயா, நான் இன்றைக்குச் சுனைக்குப் போகிறேன்.”

“முதல் சொல் வந்துவிட்டதா?”

“வரவில்லை. குட்டி கண் திறக்கவில்லை. நீங்களும் கூட வாருங்கள். நான் கீழே நிற்கிறேன், நீங்கள் கிளையிலிருந்து எனக்காகக் கேளுங்கள். உங்களுக்கு ஆறும் வருமே.”

பொன்மூக்கர் பழத்தைக் கொத்துவதை நிறுத்தினார். வர முடியாது என்று சொல்ல வாயெடுத்தார். உருட்டன் கீழே நின்று பாதிக் காதோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். வேறு வழியில்லாமல் சரி என்றார்.

உச்சி வெயிலில் பாறை தகித்தது. நடுவில் சுனை, இரண்டு யானை படுக்கிற அளவு, கறுத்துப் பளபளவென்று கிடந்தது. சிற்றடிக்குத் தண்ணீரின் வாசனை மூக்கில் ஏறி, கால்கள் தாமாக ஓடப் பார்த்தன. ஓடாமல் பிடித்து நிறுத்தினாள். பொன்மூக்கர் சுனைக்கு மேலே சாய்ந்திருந்த நாவல்கிளையில் போய் உட்கார்ந்தார். உருட்டன் புதருக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

சிற்றடி ஓர் எட்டு வைத்தாள். அடியில் ஒரு சருகு நொறுங்கியது.

பாறையின் உச்சியில் காய்ந்த புல் எழுந்து நின்றது போல இருந்தது. பூமாவின் தலை.

“கியென்?”

சிற்றடி கிளையைப் பார்த்தாள். பொன்மூக்கர் அலகைத் திறந்தார். ஆறு சொற்களும் அவர் நெஞ்சுக்குள் வரிசையாக நின்றன. கேட்கப்போவது தானா, சருகுமானா? அப்படியென்றால் நானா, அவளா? இரண்டு பேர் என்றால் நாமா? கூண்டில் கிளியோடு கிளியாகச் சொன்னது வேறு, இது வேறு. இந்த மொழியிலேயே பிறந்தவள் முன்னால் ஓர் எழுத்து பிசகினால்? பிசகியதை அந்தப் பன்றி கேட்டுவிட்டால்?

அவர் அலகை மூடிக்கொண்டார்.

“கியென்?”

இப்போது பூமா எழுந்துவிட்டாள். சங்கிலித் துண்டு பாறையில் உரசியது. வாலின் நுனி மட்டும் இப்படியும் அப்படியும் போனது.

“ஐயா” என்றாள் சிற்றடி, உதடு அசையாமல். “சொல்லுங்கள்.”

நாவல்கிளை ஆடியது. பொன்மூக்கர் பறந்து, இன்னும் உயரமான கிளைக்குப் போய்விட்டார்.

வெட்டவெளிப் பாறையில் சிற்றடி தனியாக நின்றாள். பின்னால் ஓடினால் பிழைக்கலாம். ஓடிப் போய்ப் பொந்துக்குள் எதைக் கொடுப்பது? பூமாவின் முன்னங்கால்கள் மடங்குவதை, தோள்கள் தாழ்வதை அவள் பார்த்தாள். மூன்றாவது ‘கியென்’ வந்தது. அதன் பின்னாலேயே பாய்ச்சலும் வரப்போகிறது.

“போதோ” என்றாள்.

குரல் அவளுக்கே கேட்கவில்லை. ஒட்டிய நாக்கைப் பிய்த்து எடுத்து மறுபடி சொன்னாள்.

“போதோ பெபேர்?”

“புவேதோ! புவேதோ!” என்று மேலேயிருந்து பொன்மூக்கர் அலறினார். பிழையைக் கேட்டதும் அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கேட்பதற்கு வராத சொல், திருத்துவதற்கு வந்துவிட்டது.

பூமா தலையை நிமிர்த்தி மைனாவைப் பார்த்தாள். பிறகு பூமா குனிந்து, கீழே நின்ற அந்த முயலளவு உயிரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். வலை இல்லை. கழி இல்லை. நடுங்குகிற நான்கு கால்கள் மட்டும் இருந்தன.

மடங்கிய கால்கள் நிமிர்ந்தன.

“புவேதெஸ்” என்றாள் பூமா.

இரண்டாவது சொல். நீ செய்யலாம். மூன்று நாள் அத்திமரத்தடியில் பிழையில்லாமல் சொன்ன சொல் என்பதால் சிற்றடிக்கு அது உடனே புரிந்தது. பூமா நொண்டி நொண்டிப் பாறையின் மறுபக்கம் போய், தண்ணீருக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள். படுத்தபடியே மெல்லிய குரலில் இன்னும் ஏதோ நீளமாகச் சொன்னாள். அது சிற்றடிக்குப் புரியவில்லை.

சிற்றடி குடித்தாள். வயிறு கனக்கக் குடித்துவிட்டுப் பொந்துக்கு ஓடினாள். வெயில் சாயும்வரை மடியில் ஒன்றும் இல்லை. சாய்ந்த பிறகு ஒரு சொட்டு வந்தது. அதைக் குட்டியின் உதட்டில் தடவினாள். அது நக்கியது. அடுத்த சொட்டுக்குக் கண்ணைத் திறந்தது.

மறுநாள் அவள் அத்திமரத்தடிக்குப் போய் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “ஐயா, கடைசியில் அவள் என்ன சொன்னாள்? உங்களுக்குப் புரிந்திருக்குமே.”

பொன்மூக்கருக்குப் புரிந்துதான் இருந்தது. கொஞ்ச நேரம் அலகைக் கிளையில் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “இந்தக் காட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னோடு பேசிய முதல் ஆள் நீதான் என்றாள். அவளுக்கும் ஊரில் ஒரு குட்டி இருந்ததாம். பேச்சு வந்த புதிதில் அதுவும் போதோ என்றுதான் சொல்லுமாம்.”

அன்றே உருட்டன் போய்ப் பாறை அதிர, “போதோ பெபேர்” என்று கத்தினான். “புவேதெஸ்” என்றாள் பூமா. கிழிந்த காதைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு எட்டு தள்ளியும் படுத்துக்கொண்டாள். போகப் போக அவர்கள் கேட்டதையே அவள் மெதுவாகத் தன் உச்சரிப்பில் திருப்பிச் சொன்னாள். கேட்டுக் கேட்டு, யாரும் பாடம் நடத்தாமலே, சிற்றடியின் வாயில் போதோ ஒருநாள் புவேதோ ஆகிவிட்டது. எந்த நாள் என்று அவளே கவனிக்கவில்லை.

அத்திமரத்தில் கடைசிப் பழமும் தீர்ந்தது.

பொன்மூக்கர் சுனைக்கரைக்கு வந்தார். ஈர மணலில் இறங்கி நின்றார். பாறையிலிருந்து, “கியென்?” என்று வந்தது. அவர் அலகைத் திறந்தார், மூடினார். இறகெல்லாம் சிலிர்த்து நின்றது. “கியென்?” என்று இரண்டாவது முறையும் வந்தது.

குட்டியோடு நீர் குடிக்க வந்த சிற்றடி அவரைப் பார்த்தாள். பக்கத்தில் போய், தோளோடு தோள் படுகிற மாதிரி நின்றுகொண்டாள். பாறையை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

“போதேமோஸ் பெபேர்?”

நாங்கள் குடிக்கலாமா?

பொன்மூக்கர் வழக்கம்போல் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். திருத்த அதில் ஒன்றும் இல்லை. பூமா சரி என்று சொன்னதும், அவர் தலையைக் குனிந்து குடித்தார்.

நீதி: பிழை வந்துவிடுமோ என்று வாயை மூடிக்கொள்கிறவருக்குக் கற்ற சொல் உதவாது, தட்டுத் தடுமாறியாவது பேசுகிறவருக்கே மொழி கைகொடுக்கும்.