சபை நடுவே வந்த வருணன்

முன்னொரு காலத்தில் கருவேல நாட்டை உக்கிரகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். பெயரில் இருந்த உக்கிரம் குணத்தில் பாதிதான். மீதிப் பாதி சலிப்பு. ஒருநாள் கடைவீதியில் பல்லக்கில் போனவருக்குத் திடீரென்று சலிப்புத் தட்டிவிட்டது. அதே சுவர், அதே பழைய கூத்து. உடனே தண்டோரா போடச் சொன்னார்: கடைவீதிக்குப் புதிதாகச் சித்திரமோ பாவைக்கூத்தோ தெருக்கூத்தோ செய்துதரும் கலைஞருக்கு ஒரு கிராமத்தின் ஓராண்டு விளைச்சல் மானியம்.

நல்ல காரியம்தான். ஆனால் கலைச்சபைத் தலைவர் ஏகாம்பரத்தார் சும்மா இருப்பாரா? ஊரார் வேறு யாரையாவது மெச்சினால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்துவிட்டார். படைப்பு இதுவரை யார் கண்ணிலும் பட்டிருக்கக் கூடாது. மானியத்துக்கு முன் அதைச் சபையில் காட்டவும் வேண்டும். தவறினால் தொழில் சாமான் பறிமுதல்.

முதலில் வந்த சித்திரக்காரர் படத்தை விரித்துக் காட்டினார். "பார்த்துவிட்டோமே, இனி இது எப்படிப் புதுசு?" என்று அவருடைய தூரிகைகளைப் பிடுங்கிக்கொண்டார் ஏகாம்பரத்தார். அதைக் கேள்விப்பட்ட பாவைக்கூத்துக்காரர் காட்ட மாட்டேன் என்றார். காட்டாததற்கு மானியமா என்று அவர் பாவைகளும் போயின. ராஜா கைகொட்டிச் சிரித்தார். அவருக்குச் சலிப்புத் தீர்ந்தால் போதும், பாருங்கள்.

மூன்றாவதாகக் காத்திருந்தவள் கூத்துக்காரி மருதாயி. அவள் குழுவிடம் உருப்படியாக மிச்சமிருந்தது ஒரு மத்தளம்தான். அதுவும் போனால் குழு கலைந்துவிடும், எல்லோரும் உப்பளத்துக்குக் கூலி வேலைக்குப் போக வேண்டியதுதான். போதாக்குறைக்கு, அவர்களுடைய கட்டியங்காரன் போன மாதம் கோபித்துக்கொண்டு வேறு குழுவுக்கு ஓடிவிட்டான். கூத்தில் எந்த வேஷமும் சட்டென்று வந்து நின்றுவிடாது. திரைக்கு வெளியே கோமாளியான கட்டியங்காரன் நின்று, யார் நீ, எதற்கு வந்தாய் என்று குடைந்து குடைந்து கேட்பான். வேஷக்காரர் திரைக்குள்ளிருந்து பதில் சொல்வார். அவன் இல்லாமல் கூத்தே தொடங்காது. திரும்பிப் போய்விடலாம் என்று மத்தளக்காரர் சடையன் கெஞ்சினார். மருதாயிக்கும் கால்கள் வாசலைத்தான் பார்த்தன. ஆனாலும் திரையைப் பிடிக்கச் சொன்னாள்.

திரை விரிந்தது. மத்தளம் அதிர்ந்தது. முன்னால் யாரும் இல்லை. சபை காத்திருந்தது. திரைக்குப் பின்னால் மருதாயி வேர்த்து விறுவிறுத்து நின்றாள். யாரும் கேட்காவிட்டால் என்ன செய்வது? அவள் நம்பியது ஒரே ஒரு விஷயத்தை. ஒருவர் மானியம் கேட்டு வந்து நிற்கும்போது, ஏகாம்பரத்தாரால் வாயை மூடிக்கொண்டு உட்கார முடியாது.

முடியவில்லை. எழுந்து விறுவிறுவென்று திரைக்கு முன்னால் வந்துவிட்டார்.

"யாரது உள்ளே?"

சடையன் மத்தளத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.

"வருண பகவான். மானியம் கேட்டு வந்திருக்கேன்."

"எதற்கு மானியம்?"

"புதுசா ஒரு மழை பெய்யணும் ஐயா."

"யாரும் பார்க்காத மழையா?" பழக்க தோஷம், ஏகாம்பரத்தாரின் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"ஒரு துளிகூட யாரும் பார்க்கலை."

"அப்படியானால் முதலில் சபையில் பெய்து காட்டு!"

"பெய்யலாம் ஐயா. எல்லாத்தையும் இங்கேயே பெஞ்சு தீர்த்துட்டா, காடு கரைக்கு எதைக் கொண்டுபோறது?"

சபை குலுங்கியது. ராஜா தொடையில் தட்டிச் சிரித்தார். தாம் எந்த வேஷத்தில் நிற்கிறோம் என்று அப்போதுதான் ஏகாம்பரத்தாருக்கு உறைத்தது. முகமெல்லாம் அசடு வழிந்தது. ஆனால் விடுகிற ஆளா? இந்தக் கூத்தையும் பார்த்தாகிவிட்டது, எனவே இதுவும் பழசு, மத்தளத்தை எடுங்கள் என்றார்.

ராஜாவின் சிரிப்பு நின்றது. "அதுவும் சரிதானே?" என்றார்.

மருதாயிக்கு உயிரே போய்விட்டது. சேவகர்கள் மத்தளத்தில் கை வைத்துவிட்டார்கள். திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"மகாராஜா, நாளைக்கு ஐயா வேற கேள்வி கேப்பாரு. நான் வேற பதில் சொல்லுவேன். அது என்னன்னு எனக்கே தெரியாது. நானே பார்க்காததை வேற யாரு பார்த்திருக்க முடியும்?"

தினம் ஒரு புதுசு என்றதும் ராஜாவுக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. கேட்ட மானியத்தைக் கொடுத்தார். தூரிகைகளும் பாவைகளும் உரியவர்களிடம் திரும்பின, அவர்களுக்கும் மானியம் கிடைத்தது. நிபந்தனை இரண்டும் ஒழிந்தன. புதிதாக ஒன்று மட்டும் போட்டார்: கடைவீதியில் கூத்து நடக்கும் நாளில் ஏகாம்பரத்தார்தான் கட்டியங்காரன்.

அந்த நாளும் வந்தது. கடைவீதி கொள்ளாத கூட்டம். கோமாளிக் குல்லாவோடு திரை மறைவில் நின்ற ஏகாம்பரத்தாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மருதாயியின் பக்கம் மெல்ல நகர்ந்து வந்தார்.

"ஏம்மா, ஜனங்க சிரிக்கலேன்னா?"

மருதாயி சலங்கையை இறுக்கிக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "எனக்கும் ஒவ்வொரு தடவையும் இதே பயந்தான் ஐயா. வாங்க, போவோம்."