வெள்ளை முகப் பொசைடன்

ஏதென்ஸ் நகரத்துக் குயவர் தெருவில் யூக்ளியா என்றொரு பெண் குரு இருந்தார். எண்ணெய் ஜாடிகளில் தெய்வங்களை வரைவது அவர் தொழில். அவருக்கு வயது நாற்பது. சீடர் லாம்போனுக்கு ஐம்பத்தாறு. பாதி ஆயுளைத் துடுப்புப் போட்டே கழித்தவர், தோள் விட்டுப்போன பிறகு தூரிகை பிடிக்க வந்து சேர்ந்தார். குருவை அவர் அம்மா என்பார். குரு அவரை அண்ணே என்பார். தெருவுக்கு அது ஒரு வேடிக்கை.

லாம்போனின் ஒரே மகன் சிமோன் தானியக் கப்பலில் கடல் கடந்து போயிருந்தான். அவன் நல்லபடியாகத் திரும்பினால் கடல் தெய்வமான பொசைடனுக்கு ஒரு ஜாடி எண்ணெய் தருவதாக லாம்போன் வேண்டிக்கொண்டார். அந்த ஜாடிக்குத் தானே படமும் வரைந்தார். இடுப்புயர ஜாடி, இரண்டு கைப்பிடி. நடுவில் சூலம் ஏந்திய பொசைடன், அவருக்கு எதிரே அதீனா தேவி.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஆண் தெய்வத்துக்கு முகம் கறுப்பு, பெண் தெய்வத்துக்கு வெள்ளை. நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். ஆனால் பூசுகிற மண்குழம்பு எல்லாம் சூளைக்குப் போகுமுன் ஒரே மங்கல் நிறம்தான்; சுட்ட பிறகே கறுப்பும் வெள்ளையும் பிரியும். லாம்போனுக்குக் கண்ணும் கொஞ்சம் மங்கல்.

சூளையைத் திறந்தார்கள். அதீனா தேவி கன்னங்கரேலென்று நின்றாள். பொசைடன் வெளுத்துப் போயிருந்தார். தாடி மட்டும் கறுப்பு. தாடி வைத்த கல்யாணப் பெண் மாதிரி இருந்தார்.

யாராவது சிரித்திருப்பார்கள். அதற்குள் துறைமுகத்திலிருந்து ஆள் ஓடிவந்தான். கடலில் பெரும் புயலாம். தானியக் கப்பலைப் பற்றித் தகவலே இல்லையாம்.

லாம்போன் ஜாடிப் பக்கம் திரும்பினார்.

"அம்மா, கடல் சாமிக்கே நான் பொம்பளை வேஷம் போட்டுட்டேன். அதான் புயல் அடிக்குது. என் பிள்ளையை நானே கொன்னுட்டேன்."

சொல்லிக்கொண்டே சுத்தியலை எடுத்து ஜாடிமேல் ஓங்கினார். குரு அவர் கையைப் பிடித்தார்.

"உடைச்சா?"

"தப்பு தொலைஞ்சிடும்."

"கொஞ்சம் இப்படி வாங்க அண்ணே."

சூளைக்குப் பின்னால் கூட்டிப் போனார். மூன்று தலைமுறையாக உடைந்த ஜாடிகள் அங்கே மலையாகக் குவிந்து கிடந்தன. பாதி முகத்தோடு ஜீயஸ், கால் இல்லாத அப்போலோ. ஹீரா தேவியின் உடைந்த கிண்ணத்தில் தேங்கிய மழைத் தண்ணீரை ஒரு கோழி நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தது.

"இதுல எத்தனை சாமி இருக்கும்?"

"எண்ண முடியாதும்மா."

"அத்தனை பேரும் கோபப்பட்டா ஊர் தாங்குமா?"

லாம்போன் அந்தக் குவியலைப் பார்த்தார். கோழியைப் பார்த்தார்.

"இதையெல்லாம் உடைச்சவங்களோட பிள்ளை யாரும் இன்னிக்குக் கடல்ல இல்லையே அம்மா. என் பிள்ளை இருக்கானே."

குரு சூளைக்குத் திரும்பினார். ஜாடியைத் தூக்கிப் போய்த் தன் அறையில் வைத்துப் பூட்டினார்.

ஒன்பது நாள். லாம்போன் தூரிகையைத் தொடவில்லை. பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் கிடந்தவருக்குக் குருவே கஞ்சி காய்ச்சி எடுத்துவந்து, குடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலமானால் லாம்போன் கடற்கரைக்குப் போய் அலையைப் பார்த்து மன்னிப்புக் கேட்பார். அலை வரும், போகும்.

பத்தாம் நாள் மதியம் தெருமுனையில் ஒரு குரல் கேட்டது.

"அப்பா!"

சிமோன்தான். வெயிலில் கருகி, எலும்பும் தோலுமாக, உயிரோடு. லாம்போன் உட்கார்ந்த இடத்திலேயே மகனின் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். போன உயிர் திரும்பி வந்துவிட்டது. தெருவே கூடிவிட்டது. யாரோ கூடை அத்திப்பழத்தைக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். மண் கையால் கண்ணைத் துடைத்து, குருவும் முகமெல்லாம் மண் ஆக்கிக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் லாம்போனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பானை நிறைய வெள்ளைக் குழம்பைக் கரைத்துக்கொண்டு குருவின் முன்னால் வந்து நின்றார்.

"இப்பதான் எனக்கு விளங்குது அம்மா. பொசைடனுக்குப் பிடிச்சதே வெள்ளை முகம்தான்! இத்தனை காலமும் கறுப்பைப் பூசிப் பூசி நாமதான் அவரை நோகடிச்சிருக்கோம். பக்கத்து வீட்டுல ரெண்டு ஜாடி இப்பவே கேட்டுட்டாங்க. இனிமே தெரு முழுக்க வெள்ளைதான்."

குரு பானையை எட்டிப் பார்த்தார்.

"கப்பல்ல மொத்தம் எத்தனை பேர் வந்தாங்க?"

"முப்பது பேர்."

"உங்க பையன் போக இருபத்தொன்பது. அவங்க வீட்டுப் பொசைடனுக்கெல்லாம் என்ன நிறம்னு கேட்டுட்டு வாங்க. அப்புறம் பூசலாம்."

லாம்போன் சிரித்துக்கொண்டே துறைமுகத்துக்குப் போனார். சாயங்காலம் காலை இழுத்துக்கொண்டு திரும்பினார்.

"கேட்டீங்களா?"

"ஒருத்தரை விடாமக் கேட்டேன். பாதிப் பேர் வீட்டுல கறுப்பு. சிலர் வீட்டுல படமே கிடையாது. ஒருத்தன் எகிப்துக்காரன், அவன் சாமிக்குப் பருந்து மூஞ்சியாம். சமையல்காரன் எந்தச் சாமியையும் கும்பிடறதே இல்லையாம். புயல்லயும் வெங்காயம்தான் உரிச்சிக்கிட்டு இருந்தானாம்."

"வெள்ளை?"

"ஒரு வீட்டுலயும் இல்லை."

சொல்லிவிட்டு லாம்போன் வெள்ளைக் குழம்புப் பானையை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு சின்னக் குரலில் கேட்டார்.

"அப்போ அம்மா... அந்தப் புயலும் என்னால வரலைதானே?"

"வரலை அண்ணே."

ஒன்பது நாளும் நெஞ்சில் கிடந்த கல் அப்போதுதான் இறங்கியது. மகன் வந்த பிறகும் அது இறங்காமல்தான் இருந்திருக்கிறது என்பது லாம்போனுக்கே அப்போதுதான் தெரிந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நீளமாக மூச்சு விட்டார். தன் பொசைடனின் மூஞ்சியை நினைத்து முதல்முறையாகச் சிரிக்கவும் சிரித்தார். குருவும் சேர்ந்து சிரித்தார்.

"அப்புறம் யார்தான் அம்மா அவங்களைக் கரை சேர்த்தது?"

"சுக்கான் பிடிச்சது யாரு?"

"தெரான்னு ஒரு பெரியவர். நாலு நாள், ராத்திரி பகல்னு பார்க்காம, பிடிச்ச பிடியை விடவே இல்லையாம். உள்ளங்கை ரெண்டும் தோல் உரிஞ்சு ரத்தமாக் கிடக்கு. குவளையைக்கூடப் பிடிக்க முடியலை, வேற ஒருத்தன்தான் தண்ணி புகட்டறான்."

"அவரை என்ன கேட்டீங்க?"

"எல்லாரையும் கேட்டதைத்தான். உங்க வீட்டுப் பொசைடனுக்கு என்ன நிறம்னு கேட்டேன்."

குரு தூரிகையைக் கீழே வைத்தார்.

"அந்தக் கையைப் பார்த்துக்கிட்டேவா கேட்டீங்க, அண்ணே?"