வாய் திறக்காத கம்ப்யூட்டர்

மலையடிவாரத்தில் ஒரு மடம். அங்கே ஓதவில்லை, மென்பொருள் எழுதினார்கள். மடத்தை நடத்திய குருவம்மாவின் மூத்த சீடன் சிங்காரம். பாடப் புத்தகத்தை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருள் அவன் எழுதியது. பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளி ஒன்று அதைக் கேட்டு வாங்கியது. திங்கட்கிழமை அவர்களுக்குப் பரீட்சை.

மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவைக்கும் ஸ்கிரிப்டை அவன் அனுப்பினான். பள்ளியில் அது ஒரு குறையும் சொல்லாமல் ஓடி முடிந்தது. ஆனால் எந்தக் கம்ப்யூட்டரும் வாய் திறக்கவில்லை.

"என்னிடம் பேசுகிறது. அங்கே ஏன் பேசவில்லை?" என்று வந்து நின்றான் சிங்காரம். பள்ளிக்காரர்களின் கம்ப்யூட்டர் மட்டம் என்றான். ஏற்றியவர்களுக்குக் கைப்பழக்கம் போதாது என்றும் சொல்லிப் பார்த்தான்.

குருவம்மா புதுக் கம்ப்யூட்டர் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து, அவன் ஸ்கிரிப்டை அதில் ஓட்டினார். அதுவும் ஊமை.

"உன் கம்ப்யூட்டரில் இருக்கிற எது இதில் இல்லை?"

அந்தக் கேள்வி சிங்காரத்தைக் குடைந்தது. சாப்பாட்டை மறந்து இரண்டையும் துழாவினான். அவனுடைய பழைய கம்ப்யூட்டரின் மூலையில் ஒரு குரல் தொகுப்பு கிடந்தது. ஸ்கிரிப்டில் அதை ஏற்றச் சொல்லி ஒரு வரிகூட இல்லை. தொகுப்பின் பெயர் இருதயராஜ்.

இருதயராஜ் ஒரு காலத்தில் அவன் பக்கத்து இருக்கைக்காரன். ஒருநாள் சபையில், சிங்காரத்தின் நிரல் மாடு போன தடம் மாதிரி இருக்கிறது என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவன் எதிரே வந்தால் சிங்காரம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான். அந்தச் சிரிப்பு மட்டும் அச்சு மாறாமல் காதில் இருந்தது. அதற்கு முன்னால் இருதயராஜ் வந்து தொகுப்பை ஏற்றிக் கொடுத்தது மறந்துவிட்டது.

"அவனுடையது வேண்டாம் அம்மா. நானே வேறு குரல் செய்கிறேன்."

"திங்கட்கிழமைக்குள்ளா?"

"இத்தனை வருடம் அவன் தயவு இல்லாமல்தானே வேலை பார்த்தேன்."

குருவம்மா அவனுடைய கம்ப்யூட்டரை ஒரு பாடம் படிக்க வைத்தார். நேரம் மிச்சம் பிடிக்க, அவன் எப்போதும் படுவேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பான். அவர் வேகத்தைக் குறைத்தார். கீச்சுக்குரல் மெல்ல மெல்ல ஒரு மனிதனின் குரலாயிற்று. இருதயராஜ் நிதானமாக, நதிகளைப் பற்றிய பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தான்.

சிங்காரம் அதை நிறுத்தாமல் பாடம் முடியும்வரை ஓடவிட்டான்.

பிறகு ஸ்கிரிப்டைத் திறந்தான். "அவன் பெயரைக் கடைசியில் எங்காவது போட்டால் போதுமா அம்மா?"

"முதலில் போடு" என்றார் குருவம்மா. "உன்னுடையது அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும்."