எட்டாத தாழ்ப்பாள்

விளக்கு வைத்த பிறகு வீட்டுக்குள் யாரோ மூச்சு விடும் சத்தம் கேட்டது.

ஜெசிந்தா அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள். வீட்டில் அவளும் மகள் மெர்லினும் மட்டும்தான். கணவன் கப்பலில். ஊரடங்கு வந்ததிலிருந்து அந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்திலும் ஆளை இறக்கவில்லை.

மெர்லின் குளித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

மூச்சுச் சத்தமும் கேட்டது.

ஜெசிந்தா கதவைப் பார்த்தாள். கம்பிக் கதவில் பூட்டு. மரக் கதவில் மேல் தாழ்ப்பாள், சங்கிலி. எல்லாம் போட்டது போட்டபடி இருந்தன.

மெர்லினின் மேசையிலிருந்து ஓர் ஆண் குரல் மெல்லக் கேட்டது.

"பாப்பா, இருக்கியா?"

ஆன்லைனில் நடந்த சாயங்கால வகுப்பு முடிந்தும் மகள் போனை அணைக்காமல் வைத்திருந்தாள். வகுப்பில் யாரும் இல்லை. திரையில் ஒரு கறுப்புக் கட்டம் மட்டும் இருந்தது. அதில் பெயரும் இல்லை, முகமும் இல்லை.

ஜெசிந்தா போனைப் பிடுங்கி அணைத்தாள். பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்தே இருந்தாள்.

காலையில் கணவனின் பழைய போனிலிருந்து பள்ளிக்கு அழைத்தாள்.

"சிஸ்டர், என் பிள்ளை பேரை வெட்டிருங்க. இந்த வருஷம் அவளுக்குப் படிப்பே வேண்டாம்."

மறுமுனையில் இருந்தவள் சிஸ்டர் லீமா. ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. பதினைந்து வருஷத்துக்கு முன் அதே கான்வென்டில் ஜெசிந்தாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள்.

"ஏட்டி, சிஸ்டர்னு கூப்பிடாதே. என்ன நடந்துச்சுன்னு சொல்லு."

சொன்னாள். குறுக்கே பேசாமல் லீமா முழுவதையும் கேட்டாள்.

"போலீஸுக்கு நான் எழுதிக் கொடுக்கேன். வகுப்பு லிங்க்கை இப்பவே மாத்துறேன். சாயங்காலம் வீட்டுக்கு வாரேன். இப்பதான் வெளிய நடமாட விட்டிருக்காங்களே."

"வந்து என்ன செய்யப் போற?"

"காபி குடிக்கப் போறேன்."

முகக்கவசமும் துணிப்பையுமாக லீமா வந்தாள். சங்கிலி, தாழ்ப்பாள், பூட்டு என்று ஒவ்வொன்றாகத் திறக்கும்வரை வாசலில் நின்று சிரித்தாள்.

"ஹாஸ்டல்ல கதவுக்கு முட்டுக் கொடுக்கப் பெட்டியை இழுத்துப் போடுவியே, இன்னும் மாறலியா?"

"விளையாடாத லீமா. இத்தனை பூட்டையும் தாண்டி அவன் எப்படி உள்ள வந்தான்? அதை மட்டும் சொல்லு."

லீமா தன் போனை எடுத்து நீட்டினாள்.

ஜெசிந்தா ஆசிரியர் தினத்தன்று வாட்ஸ்அப்பில் வைத்த ஸ்டேட்டஸை யாரோ எடுத்து லீமாவுக்கு அனுப்பியிருந்தார்கள். மெர்லின் கவிதை சொல்லும் படம். கீழே வகுப்பின் லிங்க். அதற்கும் கீழே ஜெசிந்தாவே எழுதிய வரி: 'எங்க செல்லக்குட்டி கிளாஸில் கவிதை சொல்றா. எல்லாரும் உள்ளே வந்து பாருங்க.'

"சொந்தக்காரங்க பாக்கட்டும்னு..." என்றாள் ஜெசிந்தா.

"பாத்தாங்க. மஸ்கட்ல உன் நாத்தனார் பாத்தாங்க. அவங்க யாருக்கு அனுப்பினாங்களோ, அவங்களும் பாத்தாங்க."

ஜெசிந்தா முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"அதனாலதான் சொல்றேன், பேரை வெட்டிரு. போனும் வேண்டாம், படிப்பும் வேண்டாம். என் கண்ணுக்கு முன்னாலயே இருக்கட்டும்."

உள்ளறை வாசலில் மெர்லின் நின்றாள். அழவில்லை. பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லீமா கேட்டாள்.

"நீ கடைக்குப் போகும்போது இவ?"

"உள்ள விட்டு, வெளிய பூட்டிட்டுப் போவேன்."

"இவளே உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டா என்ன?"

"அவளுக்கு எட்டாதே. எட்டக்கூடாதுன்னுதானே மேல வச்சிருக்கு."

லீமா கதவின் உச்சியில் இருந்த தாழ்ப்பாளை அண்ணாந்து பார்த்தாள். பிறகு மெர்லினைப் பார்த்தாள். துணிப்பைக்குள் கைவிட்டு, பள்ளி பெஞ்சுகளை முடுக்க எப்போதும் வைத்திருக்கும் திருப்புளியை எடுத்தாள்.

"ஏட்டி, என்ன செய்யுற?"

லீமா ஸ்டூலில் ஏறித் தாழ்ப்பாளைக் கழற்றினாள். இறங்கி, மெர்லினின் தோள் உயரத்தில் கதவில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். மெர்லின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொள்ள, லீமா திருகினாள். கன்னியாஸ்திரீயின் வெள்ளை உடுப்பெல்லாம் மரத்தூள்.

"அவ தெரியாம திறந்துட்டா?" என்றாள் ஜெசிந்தா.

"தெரிஞ்சு பூட்டினா?" என்றாள் லீமா.

காபியைக் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"மெர்லின், இனிமே நம்ம வகுப்புக்கு வெளிய ஒரு வராந்தா இருக்கும். எல்லாரும் அங்கதான் காத்திருக்கணும். இந்த வாரம் வாசல்ல நீ. யாரை விடலாம்னு நீதான் பாத்துச் சொல்லணும். சந்தேகம்னா?"

"உங்களைக் கூப்பிடணும்."

"நான் இல்லேன்னா?"

"அம்மாவைக் கூப்பிடணும். போனைக் கவுத்து வச்சிட்டு."

ஜெசிந்தா சாவியை இடுப்பிலிருந்து எடுக்க வெகுநேரம் ஆனது. எடுத்தாள்.

லிங்க்கை மாற்றி இரண்டு நாள்கூட ஆகவில்லை. இன்னொரு அம்மா தன் மகன் வாய்ப்பாடு சொல்வதை ஸ்டேட்டஸ் வைத்தாள், லிங்க்கோடு.

அன்று வகுப்பு நடுவில் மெர்லினின் குரல் அடுக்களைவரை கேட்டது.

"சிஸ்டர், வராந்தாவுல ஆன்சி நிக்கா."

"விடு."

"விட மாட்டேன். ஆன்சி உள்ளதான் இருக்கா. மூக்கைத் தடவிக்கிட்டு இருக்கா. இது அவ பேரைப் போட்டுக்கிட்டு வந்த வேற யாரோ."

அடுக்களையில் ஜெசிந்தாவின் கையிலிருந்த கரண்டி நின்றது.

"என்ன செய்யலாம் மெர்லின்?"

"வெளியவே நிக்கட்டும். இல்ல சிஸ்டர், வெளியவும் நிக்க வேண்டாம். துரத்திடுங்க."

"துரத்தியாச்சு. கதவையும் அடைச்சாச்சு. இன்னைக்கு இனி யாரும் வர முடியாது."

போனுக்குள் இருந்த நாற்பது பிள்ளைகளும் கை தட்டினார்கள். ஆன்சிதான் அதிகம் தட்டினாள்.

மறுநாள் ஜெசிந்தாவுக்கு மனசு கேட்கவில்லை. கணவனின் பழைய போனை எடுத்து, அடுக்களையில் இருந்தபடியே வகுப்பின் வாசலில் போய் நின்றாள். ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான்.

"சிஸ்டர், ஜெசிந்தான்னு பேர் போட்டு யாரோ வந்திருக்காங்க."

"உங்க அம்மாவா இருக்குமோ?"

"முகம் தெரியலை சிஸ்டர். எங்க அம்மா அடுக்களையில மீன் கழுவிட்டு இருக்காங்க. அனுப்பிடுங்க."

ஜெசிந்தாவின் கையிலிருந்த போனில் ஒரு வரி வந்தது. உங்களுக்கு அனுமதி இல்லை.

அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு மீன் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைகளை இரவு எட்டுவரை திறக்கலாம் என்றார்கள். ஜெசிந்தா பையை எடுத்தாள். பழக்கத்தில் பூட்டையும் எடுத்தாள்.

வாசலைத் தாண்டியவள் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி வந்து, அதை ஆணியில் மாட்டினாள்.

மீண்டும் வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

"மெர்லின், யாராவது வந்து தட்டினா நீ..."

சொல்லி முடிப்பதற்குள் உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.